தங்கூசிக் கிற்றார்

நிலாந்தினி கிற்றார் பழகப் போகிறாள் என்ற செய்தி, அவள் முதலாவது பாடத்தை முடித்து வீட்டு வாசலை மிதிக்க முன்னமே அனலைதீவு முழுக்கப் பரவிவிட்டது. அதற்கு அவளேதான் காரணம். நாற்பத்தைந்து வயதுப் பெண், புருஷன் செத்து ஆறு மாதமே ஆனவள், கிற்றாரை வெங்காயச் சாக்குக்குள் திணித்துக் கட்டிக்கொண்டு வள்ளத்தில் ஏறினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டாள். போகும்போது ஒருவரும் கவனிக்கவில்லைத்தான். திரும்பி வரும்போது, ஊர்காவற்றுறைத் துறையில் எஞ்சின் இயக்க முன்னம், பரிமளம் மாமி தன்னுடைய மரக்கறிப் பையைத் தூக்கி அந்தச் சாக்கின்மேல் வைத்தார். சாக்கு ‘டொங்’ என்றது. வள்ளத்தில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெங்காயம் அப்படிச் சத்தம் போடாது என்பது தோட்டக்காரருக்குத் தெரியாதா?

சனிக்கிழமைகளில் வள்ளம் ஓட்டுகிறவர் ஜெகதீஸ், செத்துப்போன வாகீசனின் தமையன். வாகீசன் கூப்பிட்டதுபோலவே நிலாந்தினியும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். அவர் வள்ளத்தின் பின்னணியத்தில், எஞ்சினடியில் இருந்து எழும்பி வந்து சாக்கைப் பார்த்தார்.

“பிள்ளை, உதுக்குள்ளை என்ன?”

“கிற்றார், அண்ணை. மேரிசுகந்தி ரீச்சரிட்டைப் பழகப் போனனான்.”

ஜெகதீஸ் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. போட்டிருந்தால் நல்லது. மெல்லமாகச் சொன்னார், எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். “இண்டைக்கு ஏத்திப்போட்டன், கொண்டுபோய் இறக்கிவிடுறன். இனி உது என்ர வள்ளத்திலை ஏறாது. என்ர தம்பி உயிர் விட்ட வள்ளம் இது. ஆண்டுத் திவசம் முடியட்டும். அதுக்குப் பிறகு நீர் என்னத்தையும் பழகும்.”

அவர் சொன்னது பொய்யும் இல்லை. போன ஆவணியில் வாகீசன் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினவர்தான், எழும்பவில்லை. இதே வள்ளத்தில்தான் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். தலை நிலாந்தினியின் மடியில் கிடந்தது. “எஞ்சினை நிப்பாட்டச் சொல்லும், சத்தம் தாங்கேலாமல் கிடக்கு” என்று வாகீசன் இரண்டு தரம் சொன்னார். அவள் அதைத் திரும்பி ஜெகதீஸுக்குக் கத்திச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு எஞ்சினை இன்னும் முறுக்கினார். வேறு என்ன செய்வார் மனிதர்? அப்படியும் கரை சேர முன்னமே வாகீசனின் மூச்சு நின்றுபோனது. அதற்குப் பிறகு இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆண்டு முடியும்வரை செத்த வீட்டில் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை, பாட்டு இல்லை. நிலாந்தினி அதையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டுத் திரிந்தவள் என்று நினைக்க வேண்டாம். மாதாமாதம் மாசியத்துக்கு வாகீசனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியை வைத்துத்தான் படைத்தாள். அவளுக்கு ஒத்துவராதது ஒரே ஒரு சொல். ‘முடியட்டும்’ என்கிற சொல்.

அந்தச் சொல்லை அவள் பதினைந்து வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டில் ஒருவர் பின்னேரங்களில் கிற்றார் வாசிப்பார். பழக ஆசை என்றாள். பள்ளிக்கூடச் சோதனை முடியட்டும் என்றார் அப்பா. சோதனை முடிந்தது, சண்டை முடியட்டும் என்றார்கள். சண்டை முடிய முன்னமே கலியாணம் முடிந்தது. வாகீசன் நல்ல மனிதர். நாலு வருஷத்துக்கு முன்னம், அவள் கேளாமலே, யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு கிற்றாரை வாங்கிக்கொண்டு வந்தார். கொண்டுவந்து சுவரில் ஆணியடித்துக் கொழுவிவிட்டு, “வெங்காயம் கிண்டி முடியட்டும், பிறகு பாப்பம்” என்றார். வெங்காயம் எட்டுத் தரம் கிண்டி முடிந்தது. நல்ல மனிதர் வாயிலிருந்து வந்தாலும் அந்தச் சொல் அதே சொல்தான்.

இப்போது ஜெகதீஸ் அண்ணையும் சொல்லிவிட்டார். அன்றிரவு அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நல்ல கோபம், சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒழுங்காகத் தூங்கவிடுகிற கோபம்.

விடிந்ததும் கிணற்றடியில் கிடந்த, கூரைக்கு அடிக்கிற பனஞ்சலாகை ஒன்றை எடுத்தாள். சுவரில் இருந்த கிற்றாரைக் கழற்றி, அதன் கழுத்தின் நீள அகலத்தைச் சலாகையில் பென்சிலால் குறித்து அரிந்தாள். கழுத்தில் குறுக்கே கட்டைகள் இருந்த இடத்திலெல்லாம் ஓலை ஈர்க்கை நறுக்கி ஒட்டினாள். இரண்டு நுனியிலும் ஆறாறு ஆணி அடித்தாள். மீன்பிடிக்கிற நைலோன் நூலான தங்கூசியை ஆறு வரியாக இழுத்து முறுக்கிக் கட்டினாள். விரலால் தட்டினால் ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டும் இல்லை, கிற்றாரும் இல்லை. அடுத்த சனிக்கிழமை அதைச் சாக்கும் இல்லாமல் பையும் இல்லாமல் வெறுங்கையில் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனாள்.

ஜெகதீஸ் அதை மேலும் கீழும் பார்த்தார். “என்ன இது?”

“சலாகை, அண்ணை. சலாகை ஏறலாம்தானே?”

அவர் சலாகையைத் தட்டிப் பார்த்துவிட்டு வழி விட்டார். வீடு மேய இந்த வள்ளத்தில் எத்தனை நூறு சலாகை ஏறியிருக்கும். அவள் முன்னணியத்தில் போய் இருந்து, சலாகையை மடியில் வைத்து, வழி நெடுகத் தங்கூசியில் விரல்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனாள். நடுவில்தான் தண்ணீர் அடிக்காது. ஆனால் நடுவில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். முன்னுக்கு இருந்தால் உப்புத்தண்ணீர் மட்டும்தான் முகத்தில் அடிக்கும்.

மேரிசுகந்தி ரீச்சருக்கு முப்பத்தேழு வயது. பதினெட்டு வயதில் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவுக்கு வாசிக்கத் தொடங்கி, அப்போதிருந்தே வீட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வருகிறவர். ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் கிற்றார் பிடிக்கத் தெரிந்த இளம்பிள்ளைகளில் பாதிப்பேர் அவருடைய கதிரையில் இருந்து எழும்பிப் போனவர்கள். பெரியவர்களுக்குப் படிப்பிப்பதில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

“எட்டுப் பெரியாக்கள் என்னட்டை வந்தவை, அக்கா. ஒராளும் மூண்டு மாசம் தாண்டேல்லை. முதல் விரல் நோகுது எண்டுவினம், பிறகு வேலை கூடிப்போச்சு எண்டுவினம்.”

நிலாந்தினி இடது கையை நீட்டிக் காட்டினாள். வெங்காயமும் பனையோலையும் பழகிய கை. ரீச்சர் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார்.

“இந்தத் தோலுக்குக் கம்பி நோகாது. உங்களுக்கு வேற கரைச்சல் வரும். எதையும் இறுக்கிப் பிடிக்கிற கை இது. விடத் தெரியாது.”

“பழக்குங்கோ, ரீச்சர்.”

இப்படித்தான் முதலாம் நாள் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் சனிக்கிழமை சலாகையோடு வந்து நின்றவளைக் கண்டதும் ரீச்சர் சிரிப்பார் என்றுதான் நிலாந்தினி நினைத்தாள். ரீச்சர் சிரிக்கவில்லை. சலாகையை வாங்கி ஈர்க்குகளின் இடைவெளியை விரலால் அளந்தார். “மூண்டாம் கட்டை கொஞ்சம் தள்ளிப்போச்சு. மற்றதெல்லாம் சரி. இருங்கோ” என்றார்.

அப்படித் தொடங்கியது சத்தம் இல்லாத படிப்பு. ரீச்சர் தன்னுடைய கிற்றாரில் வாசிப்பார், நிலாந்தினி அதே பிடியைச் சலாகையில் பிடிப்பாள். சத்தம் கேளாமலே எங்கே பிழை என்று ரீச்சருக்குத் தெரியும். விரலைப் பார்த்தே, “ரெண்டாம் கம்பி இப்ப ஊமையாப் போச்சு” என்பார். கிட்டத்தட்ட இருபது வருஷம் பிள்ளைகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் காது எதற்கு? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நிலாந்தினி சுவர்க் கிற்றாரில் அதையே பழகுவாள். கதவைச் சாத்தினாலும் கேட்கும் என்பது தெரியும். ஒழுங்கையால் போகிற பரிமளம் மாமி நடையை மெதுவாக்குவதும் தெரியும். கேட்கட்டும் என்று விட்டாள்.

ரீச்சரிடம் ஒரு கட்டளை இருந்தது. பிழை விட்டால் திரும்பித் தொடக்கத்துக்குப் போகக்கூடாது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் பிழை வந்த உடனே முதல் வரிக்கு ஓடும். “போகாதேங்கோ, அக்கா. விட்ட பிழை விட்டதுதான். கை போகட்டும்.” பதினாறு வரியில் ஒரு பயிற்சி எழுதிக் கொடுத்திருந்தார். பதினோராம் வரியில் ஒரு பிடி வரும். சுட்டுவிரல் ஒன்றே ஆறு கம்பியையும் ஒருமிக்க அமத்தவேண்டும். அந்த இடத்தில் நிலாந்தினி ஒவ்வொரு முறையும் விழுந்தாள். விழுந்துவிட்டுப் பன்னிரண்டாம் வரிக்குப் போனாள்.

மூன்று மாதம் தாண்டியது. நாலு, ஐந்து தாண்டியது. ஒன்பதாவது பெரியவள் இன்னும் கதிரையில்தான் இருந்தாள்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, விரலைத் திருத்தப் பக்கத்தில் குனிந்த ரீச்சர் மூக்கைச் சுருக்கினார்.

“என்னக்கா, கையிலை நல்லெண்ணெய் மணக்குது?”

“கிற்றார்க் கம்பிக்குப் பூசிறனான், ரீச்சர். ஒவ்வொரு வெள்ளியும். உப்புக்காத்துக்குக் கறள் பிடிச்சிடுமெல்லே.”

தீவில் கத்திக்குப் பூசுவார்கள், சைக்கிள் செயினுக்குப் பூசுவார்கள், பூட்டுக்குப் பூசுவார்கள். கடலுக்கு நடுவில் இரும்பு வைத்திருக்கிறவர்களுக்கு இது பிழையாகத் தெரியாது. ரீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

“ஆறு மாசமோ? அப்ப நீங்கள் வீட்டிலை கேக்கிறது கிற்றார்ச் சத்தமே இல்லை, அக்கா. கம்பி செத்திருக்கும். சுருதியும் எங்கை நிக்குதோ தெரியாது. விரல் சரியா வருது, காது பிழையாப் பழகுது. இனி உங்கட கிற்றாரை நான் கண்ணாலை பாக்காமல் ஒண்டும் செய்யேலாது. கம்பி மாத்தவேணும், கழுத்து வளைஞ்சிருக்கோ எண்டு பாக்கவேணும். அதுவரைக்கும் படிப்பை நிப்பாட்டுவம்.”

“வள்ளத்திலை ஏத்தமாட்டினம், ரீச்சர்.”

“தெரியும். ஆண்டு எப்ப முடியுது?”

“அடுத்த சனிக்கிழமையிலை இருந்து பதினொரு நாள்.”

“அவ்வளவுதானே. முடியட்டும். உங்கட நேரத்தை ஒருத்தருக்கும் குடுக்காமல் வைச்சிருக்கிறன். முடிஞ்ச உடனை கொண்டுவாங்கோ.”

ரீச்சர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல்லை ரீச்சர் வாயிலிருந்தும் கேட்டபோது நிலாந்தினி சலாகையை மடியில் இருந்து தூக்கிக் கீழே வைத்தாள். பதினொரு நாள் பெரிய விஷயமா? முப்பது வருஷம் காத்திருந்தவளுக்குப் பதினொரு நாள் ஒரு கணக்கே இல்லை. அதனால்தான் காத்திருக்க முடியாது. இந்தப் பதினொரு நாளையும் அடங்கி இருந்து கழித்தால், கிற்றார் தொடுவது ஒரு குற்றம், அது தீர்ந்த பிறகு தொட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அவளும் ஒருநாள் அதை நம்பிவிடுவாள்.

“வைச்சிருக்க வேண்டாம், ரீச்சர்” என்றாள். “அடுத்த சனிக்கிழமை கொண்டுவாறன்.”

அடுத்த சனிக்கிழமை அவள் சாக்குத் தேடவில்லை. கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒழுங்கையால் அல்ல, பெரிய றோட்டால் நடந்து துறைக்கு வந்தாள். ஜெகதீஸ் வள்ளத்துக்கு ஏறுகிற இடத்தில் நின்றார்.

“உது ஏறாது எண்டு சொன்னனான்.”

நிலாந்தினி அவரைச் சுற்றிக்கொண்டு காலைத் தூக்கி வைத்து ஏறினாள். “ஏறியிட்டுது, அண்ணை.”

“இறக்கும்.”

“நீங்கள் இறக்குங்கோ. நாலு வருசத்துக்கு முன்னம் அவர் இதை வாங்கிக்கொண்டு வந்தது இதே வள்ளத்திலை. துறையிலை இதை இறக்கி என்ர கையிலை தந்ததும் நீங்கள்தான். எப்பிடித் தூக்கிறதெண்டு உங்களுக்குத் தெரியும்.”

ஜெகதீஸ் கையை நீட்டவில்லை. “அப்ப வள்ளம் வெளிக்கிடாது” என்று சொல்லிவிட்டுப் பின்னணியத்தில் போய் இருந்துகொண்டார்.

ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. வெயில் ஏறியது. பரிமளம் மாமி பக்கத்தில் வந்து நிலாந்தினியின் முழங்கையைத் தொட்டார். மாமி கெட்டவர் இல்லை, எல்லா வீட்டுச் செத்தவீட்டிலும் கடைசிக் கோப்பை கழுவும்வரை நிற்கிறவர்.

“பதினொரு நாள்தானே பிள்ளை. பொறுத்தால் என்ன?”

“பதினொரு நாளிலை அவர் திரும்பி வருவாரே, மாமி?”

மாமி முழங்கையை விட்டுவிட்டார். வள்ளத்தில் கிளினிக்குக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவர், “ஜெகதீஸ், எனக்கு ஒன்பது மணிக்கு நம்பர். கிற்றார் ஏறினதாலை வரேல்லை எண்டு டொக்டருக்கு நீர் துண்டு எழுதித் தாறீரோ?” என்று கேட்டார். ஒன்றிரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். ஜெகதீஸ் எழும்பி, யாரையும் பாராமல், எஞ்சினை இயக்கினார்.

நிலாந்தினி முன்னணியத்தில் இருந்து கிற்றாரை மடியில் எடுத்தாள். வாசிக்கவேண்டும் என்று வீட்டில் இருந்து முடிவெடுத்து வரவில்லை. ரீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் யோசனை. ஆனால் ஏறின பிறகு சும்மா வைத்துக்கொண்டு இருப்பது, திருடின சாமானைக் கட்டிக்கொண்டு இருப்பதுபோல இருந்தது. முதல் வரியைப் பிடித்தாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அவளுக்கே கேட்கவில்லை. அது பரவாயில்லை, சத்தம் இல்லாமல் வாசிக்க ஆறு மாதம் பழகியவள்.

கேட்காவிட்டாலும் விரல் ஓடுவது எல்லோருக்கும் தெரிந்தது. ஜெகதீஸுக்கும் தெரிந்தது. ஊர்காவற்றுறைக் கோயில் கோபுரம் கண்ணில் தட்டுப்படுகிற இடம் வந்ததும் அவர் எஞ்சினை நிறுத்தினார். கடலுக்கு நடுவில், அலை வள்ளத்தைத் தட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. வாகீசனின் மூச்சு நின்றது ஏறக்குறைய இந்த இடத்தில்தான். அது அவர்கள் இருவருக்கும் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது.

“நிப்பாட்டும்” என்றார் ஜெகதீஸ்.

நிலாந்தினி திரும்பிப் பார்த்தாள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் ஒரு வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்தது அதைவிடப் பெரிதாக இருந்தது.

“எஞ்சினை நிப்பாட்டச் சொல்லி அவர் அண்டைக்கு ரெண்டு தரம் கேட்டவர். நீங்கள் நிப்பாட்டேல்லை. அது பிழையெண்டு நான் ஒரு நாளும் நினைக்கேல்லை, அண்ணை. நானும் நிப்பாட்டியிருக்கமாட்டன். இண்டைக்கு நிப்பாட்டியிட்டியள். அவர் வாங்கித் தந்த சாமானிலை நான் வாசிக்கிறன். துக்கம் எனக்கும் இருக்கு. அதை நான் எப்பிடி வைச்சிருக்கிறதெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.”

முதல் வரியிலிருந்து தொடங்கினாள். அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். நல்லெண்ணெய் குடித்த கம்பி மந்தமாக முனகியது, சுருதியும் எங்கோ நின்றது. ஏழாம் வரியில் தண்ணீர் வந்து கையில் அடித்தது. பதினோராம் வரியில் வழமைபோல விழுந்தாள். ஆறு கம்பியும் சேர்ந்து கரகரத்தன. வள்ளத்தில் யாரோ மூச்சை இழுத்துவிட்டார்கள். அவள் முதல் வரிக்குத் திரும்பவில்லை. பன்னிரண்டுக்குப் போனாள். பதின்மூன்று. பதினாறாம் வரியின் கடைசிப் பிடியை வைத்துத் தட்டி, ரீச்சர் சொல்லித் தந்ததுபோல, இறுக்காமல் கையை விட்டாள். சத்தம் தானாகத் தேய்ந்து நின்றது.

ஜெகதீஸ் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் எஞ்சினில் கை வைத்தபடி நின்றார். எந்த நேரமும் இயக்கி அந்தச் சத்தத்தை மூடியிருக்கலாம். இயக்கவில்லை. முடிந்த பிறகு சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எஞ்சினை முடுக்கினார்.

ஊர்காவற்றுறையில் எல்லோரும் இறங்கின பிறகு நிலாந்தினி அவருக்கு முன்னால் நின்றாள்.

“அடுத்த சனிக்கிழமையும் கொண்டருவன், அண்ணை. அப்பவும் திவசத்துக்கு நாலு நாள் இருக்கும்.”

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, அவளைப் பாராமல் சொன்னார். “முன்னுக்கு இராதையும். உப்புத்தண்ணி அடிச்சால் உந்தச் சாமான் பழுதாப் போகும். நடுவிலை இடம் விடுறன், நடுவிலை இரும்.”

“நான் எங்கை இருக்கிறதெண்டதை நான் பாத்துக்கொள்ளுறன்.”

அடுத்த சனிக்கிழமை வள்ளத்தின் நடுவில் ஓர் ஆள் இருக்கிற அளவுக்கு இடம் விட்டு, தண்ணீர் புகாத படங்கு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் யாரையும் இருக்கவிடாமல் பரிமளம் மாமி காவல் நின்றார். நிலாந்தினி படங்கை விரித்து, புதுக் கம்பி பூட்டிய கிற்றாரை அதற்குள் சுற்றி, அந்த இடத்தில் பத்திரமாக வைத்தாள். பிறகு முன்னணியத்துக்குப் போய், தண்ணீர் அடிக்கிற தன்னுடைய இடத்தில் இருந்துகொண்டாள்.